பசை பூசாத பக்கம்

எங்கள் வீட்டுக் குப்பையில் என்னென்ன கிடக்கிறது என்று தெரிந்தால் குப்பை வண்டிக்காரர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தவே யோசிப்பார். ஏதோ ஒரு குழந்தையின் பால்பல் தூளாகக் கிடக்கும். யாரோ முப்பது வருடம் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் பாதியாகக் கிடக்கும். செத்துப்போன நாயின் முடி, காய்ந்த ரோஜா இதழ், பழைய சட்டையின் பொத்தான் எல்லாம் ரெசினோடு சேர்ந்து சுருள் சுருளாக லேத்துக்கு அடியில் விழுந்து கிடக்கும். தினம் சாயங்காலம் அதைக் கூட்டி அள்ளுவது என் வேலை.

என் வீட்டுக்காரர் பேனா செய்கிறவர். தெருவில் அவருக்குப் பேனாக்காரர் என்றே பெயர். நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் எதையாவது கொண்டுவந்து கொடுத்தால், அதை ரெசினில் புதைத்து, கடைந்து, பாலிஷ் போட்டு, கையில் பிடித்து எழுதுகிற மாதிரி ஆக்கித் தருவார். ரெசின் என்பது இரண்டு புட்டி. இரண்டையும் கலந்தால் அன்றைக்குத் தேன், மறுநாள் கல். அந்த வாடை என் தலைமுடியை விட்டு இன்னும் போகவில்லை.

அதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் வால்வு செய்கிற கம்பெனியில் கடைசல் வேலை பார்த்தார். கம்பெனியை மூடினார்கள். மற்றவர்கள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போனார்கள். இவர் மட்டும் ஏலத்தில் போன ஒரு சின்ன லேத்தைப் பிடித்து, நாலு பேர் தூக்க, நான் துணி காயப்போடுகிற பின்னறையில் கொண்டுவந்து இறக்கினார். ஒரு கண்காட்சியில் எவரோ இப்படிப் பேனா செய்து வைத்திருந்ததைப் பார்த்தாராம். அதுதான் ஆரம்பம். ரெசினில் காற்றுக்குமிழி தங்காமல் இருக்க, ஊற்றியதை அழுத்தத்தில் வைக்க வேண்டும். அதற்கென்று இரும்புப் பானை வாங்குவதற்கு முன்னால் என் குக்கரை எடுத்துத்தான் பரீட்சை பார்த்தார். அந்தக் குக்கரின் மூடி இன்றுவரை திறக்கவில்லை.

வருகிறவர்களிடம் அவர் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பேனாவுக்கு நடுவில் பித்தளைக் குழாய் போக வேண்டும். அதற்காக ரெசின் கட்டியின் நடுவில் துளை போடுவார்கள். அப்புறம் வெளிப்பக்கத்தைக் கடைந்து கடைந்து விரல் பருமனுக்குக் கொண்டுவருவார்கள். ஆக, நீங்கள் கொடுத்ததில் நடுவில் இருந்ததும் போயிற்று, வெளியில் இருந்ததும் போயிற்று. பேனாவில் நிற்பது ஒரு தோல் அளவுதான். மிச்சம் என் குப்பை முறத்தில்.

ஒரு தடவை ஒரு பெண், இறந்துபோன தன் குழந்தையின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த பட்டையைக் கொண்டுவந்தாள். இவர் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் அவள் பேசியதைக் கேட்டார். "கவலைப்படாதீங்கம்மா, ஒரு எழுத்துகூடப் போகாது" என்றார். அந்த மாதிரி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என்னிடம் பேசும்போது அது எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியாது.

என் பேச்சு அவர் காதில் ஏறாது. உதாரணத்துக்கு, லேத்துக்கு மேலே இருந்த விளக்கு. துடித்துத் துடித்து எரியும் பழைய குழல்விளக்கு. அதன் கீழே உட்கார்ந்து கடைந்துவிட்டு, கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்துபோய்ச் சாப்பிட வருவார். தட்டில் இருப்பதைத் தடவித் தடவி எடுப்பார். "அந்த விளக்கை மாத்துங்களேன்" என்று மூன்று வருடம் சொன்னேன். "கடையறது கண்ணால இல்ல, கையால" என்பார்.

இனி என் மாமியார். அத்தைக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தபோது குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நாலு வருடம் எங்களோடு இருந்தார். எழுதிக் காட்டித்தான் பேச்சு. தினக்காலண்டர் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அல்லவா, அதில் எழுதுவார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு நாள் காலையிலும் முந்தின நாள் தாளைக் கிழித்து ஒரு கிளிப்பில் மாட்டி, கட்டில் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுவார். அம்மாவுக்கு என்று அவர் தன் கையால் செய்த ஒரே பணிவிடை அதுதான். குளிப்பாட்டியது, தொண்டைக் குழாயைச் சுத்தம் செய்தது, படுக்கை மாற்றியது எல்லாம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தையும் மாதா கோயில் மணி மாதிரி ஓயாமல் எழுதுவார். தண்ணி. ஜன்னலை மூடு. முதுகு. காப்பி ஆறிப்போச்சு. நான் படித்துவிட்டுக் கசக்கிக் கூடையில் போடுவேன். தண்ணி என்று எழுதிய தாளை யாராவது பெட்டியில் பூட்டி வைப்பார்களா? இவற்றுக்கு நடுவில் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது வருகிற வரி இன்னொன்று உண்டு. சின்னவன் போன் பண்ணினானா? சின்னவன் வந்தானா?

சின்னவர் என்பது என் கொழுந்தனார். நகரத்தின் அந்தக் கோடியில் வீடு, பெரிய ஆபீசில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் பழத்தோடு வந்து, செருப்பைக்கூட முழுசாகக் கழற்றாமல் பத்து நிமிடம் நிற்பார். அந்தப் பத்து நிமிடத்துக்கு அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் லேத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே நிற்பார். துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் துடைப்பார்.

அம்மாவுக்கு அவர் ஒரு பேனா செய்தார். எழுதும்போது விரல் நழுவுகிறது என்று தடிமனாக, பிடிக்க வாகாக. உள்ளே அத்தையின் உடைந்த நீலக் கண்ணாடி வளையல் துண்டுகளைப் பொறுக்கிப் பதித்திருந்தார். கண்ணாடி லேத்தில் சிதறும். உளியைத் தீட்டித் தீட்டி, எட்டு நாள் அதிலேயே கிடந்தார். அவர் செய்ததிலேயே அதுதான் நல்ல பேனா. அத்தை அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பேனாவாலேயே எழுதினார்: கனம். சின்னவனுக்குக் குடு. ஆபீசுக்கு நல்லா இருக்கும்.

இவரும் கொடுத்தார். கொழுந்தனார் ஒரே மாதத்தில் அதை எங்கேயோ மறந்து வைத்துவிட்டாராம். அத்தை பழையபடி நூல் கட்டிய பால்பாயின்ட் பேனாவிலேயே எழுதிக்கொண்டிருந்தார்.

அத்தை போனது ஒரு மாத ஆரம்பத்தில், மூன்றாம் தேதி. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, இவர் அம்மாவின் சாமான்களைக் குடைய ஆரம்பித்தார். தலையணை உறைக்குள் கைவிட்டுப் பார்த்தார். மருந்துப் பெட்டியைக் கவிழ்த்தார். மூன்றாம் நாள்தான் என்ன தேடுகிறார் என்று புரிந்தது.

"அவ்வளவு எழுதினாங்களே. ஒண்ணுகூட இல்லையா?"

"அப்பப்ப கூடையில போட்டுட்டேங்க. தண்ணி, காப்பின்னு எழுதினதுதானே."

பிறகு, ஐம்பத்தெட்டு வயது மனிதர், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "என்னைப் பத்தி எப்பவாவது ஏதாவது எழுதினாங்களா?"

எழுதியிருந்தார். நாலு வருடத்தில் ஒரே ஒரு விஷயம், திரும்பத் திரும்ப. மெஷினை நிறுத்தச் சொல்லு, தலை வலிக்குது. அதை நான் அவரிடம் காட்டியதே இல்லை. அத்தை தூங்குகிறார், அப்புறம் கடையுங்கள் என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். இப்போது என்ன சொல்வது? "ஞாபகம் இல்லைங்க" என்றேன். அவர் அதற்குப் பிறகு லேத் பக்கமே போகவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போட்டதைச் சாப்பிடுவார், போய்ப் படுத்துக்கொள்வார். காலையில் எழுந்து காலண்டர் தாளைக் கிழித்துக் கிளிப்பில் மாட்டுவதை மட்டும் விடவில்லை. எழுதுவதற்கு ஆள் இல்லாமல் தாள் சேர்ந்துகொண்டே போயிற்று.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினாறாம் தேதி மத்தியானம் அவர் படுத்திருந்தபோது, கிளிப்பில் மேலாக இருந்த தாளை எடுத்தேன். அத்தை கையெழுத்தை நாலு வருடம் தினம் படித்தவள் நான். புள்ளியை எழுத்தின் தலையில் வைக்காமல் வலப்பக்கம் தள்ளி வைப்பார். சுழிகளை மூடவே மாட்டார். ஒரே தடவையில் வந்துவிட்டது.

என்ன எழுதுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. பெரியவன் தங்கம் என்றெல்லாம் எழுதினால் அவரே நம்ப மாட்டார், அத்தை அப்படிப்பட்டவர் இல்லை. கடைசியில் என் வாயில் வருவதையே எழுதினேன்: பெரியவனுக்குக் கண்ணு வலி. விளக்கு மாத்தச் சொல்லு.

தாளின் முன்பக்கம் பெரிதாக 15 என்று தேதி இருந்தது. அத்தைதான் மூன்றாம் தேதியே போய்விட்டாரே. அதனால் எழுத்து படாத மேல்பாதியைக் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டேன். கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. மிச்சத்தை மடித்து அத்தையின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் செருகி, "இதை யாருக்காவது குடுத்துடலாமா, பாருங்க" என்று அவர் கையில் கொடுத்தேன்.

படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், ஒரு மணி நேரத்தில் கைபோல நீட்டி மடக்குகிற விளக்கு ஒன்றோடு திரும்பிவந்தார். நாற்காலி மேல் ஏறிப் பழைய குழல்விளக்கைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். கீழே இறங்கி, அது விழுகிற வெளிச்சத்தில் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா சொல்லியிருக்காங்க" என்றார்.

மூன்று வருடம் நான் சொன்னதுதான் அது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் லேத் ஓடிற்று. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தாளைக் கண்ணாடிக் கூட்டிலேயே எழுத்துப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். வேலை தொடங்கும் முன் கூட்டைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார், மூடுவார். ஆள் மாறித்தான் போனார். சாப்பிடும்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசினார். ஒரு தடவை குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். ஒரு பொய்க்கு இவ்வளவு பலனா என்று நானே அசந்துபோனேன்.

ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் வந்தார். ஆபீசில் பதவி உயர்வு. இனி தினம் நூறு கையெழுத்துப் போட வேண்டுமாம். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, அம்மா கையெழுத்தை உள்ள வச்சு எனக்கு ஒரு பேனா பண்ணிக் குடு. ஒரு சீட்டு போதும்."

"சீட்டு எதுவும் இல்லடா."

"நாலு வருஷம் எழுதினாங்களேண்ணா." பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன அண்ணி, ஒண்ணுகூடவா எடுத்து வைக்கல? எல்லாத்தையும் குப்பையிலயா போட்டீங்க?"

"நான் குப்பை அள்றவதானே தம்பி, எனக்கு அதுதான் தெரியும். எடுத்து வைக்கிறவங்க பக்கத்துல இருந்திருக்கணும்" என்றேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். எனக்காக ஏதாவது பேசுவார் என்று ஒரு நொடி நம்பினேன். கண்ணாடிக் கூட்டோடு வந்து அதைத் தம்பிக்கு முன்னால் திறந்து வைத்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. இது எனக்கு எழுதினது."

கொழுந்தனார் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். அந்த முகம் சுருங்கிப்போயிற்று. ஐம்பது வயதுக்காரர், கண்காட்சியில் கை விட்டுப்போன குழந்தை மாதிரி விழித்தார். "எனக்கு ஒண்ணும் எழுதலையாண்ணா?"

"தேடிப் பாக்கறேன்" என்றார் இவர். அவர் குரலில் இருந்த குளிர்ச்சியை நான் கவனித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பியிடம் இல்லாத ஒன்று அண்ணனிடம் இருந்தது. வாசல்வரை போய் வழியனுப்பி வைத்தார். அதற்கு முன் அப்படிப் போனதில்லை.

மறுநாள் காலை அவர் அந்தத் தாளைப் பேனாவாக்கப்போவதாகச் சொன்னார். தனக்கே தனக்கு. அவ்வளவு பேருக்குச் செய்தவர், தன் சட்டைப்பையில் ஒன்று வைத்துக்கொண்டதில்லை. அடுத்த தடவை தம்பி வரும்போது அந்தப் பை எப்படி நிமிர்ந்து நிற்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"கூட்டுலயே இருக்கட்டுமே. எதுக்கு அதைப் போய்?" என்றேன்.

"பேப்பர் மக்கிடும். ரெசின்ல போட்டா நமக்கப்புறமும் இருக்கும்."

அதற்கு மேல் எப்படித் தடுப்பது? அது போலி, அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம் என்று சொல்வதா?

தாளைப் பதிப்பது எப்படி என்று எனக்கும் பார்த்துப் பார்த்துப் பாடம். குழாய்க்கு முதலில் வெள்ளைப் பெயின்ட் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பித்தளை நிறம் தாளை அழுக்காகக் காட்டும். தாளுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைப் பசை பூச வேண்டும். ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது, அப்படி மூன்று. பிறகுதான் குழாயில் சுற்றி ஒட்டி, அச்சில் வைத்து ரெசினை ஊற்றுவது. பசை இல்லாமல் விட்டால் ரெசின் தாளுக்குள் இறங்கிவிடும். வடை வைத்த காகிதம் போலத் தாள் ஊடுதெரியும். பின்பக்கம் அச்சடித்திருப்பது முன்பக்கம் தெரியும். புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் செய்கிற தப்பு அது.

அவர் தாளை மேஜை மேல் பரப்பி, தூரிகையில் பசையைத் தொட்டார். கை எழுத்துக்கு மேலே வந்து நின்றது. பால்பாயின்ட் மை, ஈரம் பட்டால் கலைந்துவிடுமோ என்று பயம். அதே மையில் எழுதிய எத்தனையோ பேர் கடிதங்களுக்கு அவர் மூன்று பூச்சுப் பூசியிருக்கிறார், ஒன்றும் ஆனதில்லை. தூரிகையை ஒட்டத் துடைத்து, பட்டதும் படாததுமாக மேலே ஒரே ஒரு பூச்சு. பின்பக்கம் தொடவே இல்லை. நான் காப்பியோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"மூணு பூச்சு பூசலையா? பின்பக்கம்?"

"இது ஊரான் வீட்டு பேப்பர் இல்ல. அம்மா எழுதினது. கலைஞ்சா திரும்ப வருமா?" என்றார். "உனக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும்! காப்பியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அச்சைப் பிரித்துக் கடைந்தார். லேத் சத்தம் நின்றது. பிறகு தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்க்கிற சத்தம், முரடிலிருந்து நயமாக ஒவ்வொரு தாளாக. அப்புறம் அதுவும் நின்றது. நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அலமாரிக் கண்ணாடி அங்கேதான் இருக்கிறது. தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்ட மாதிரியே உள்ளே வந்தவர், நான் இருப்பதையே கவனிக்காமல் அலமாரி முன்னால் நின்று, அதைக் கண்ணுக்கு இறக்கி, பேனாக்கட்டையைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார்.

என் எழுத்து அழியவில்லை, தெளிவாகத்தான் இருந்தது. அதற்கு அடியில், வெள்ளைக் குழாயின் மேல், தாளின் மறுபக்கம் மங்கலாக, இடவலம் மாறித் தெரிந்தது. தேதி எண்ணை நான் வெட்டிவிட்டேன் அல்லவா. தாளின் அடியில் எறும்பு அளவில் ஒரு வரி இருந்திருக்கிறது. கிழமை, தேதி, மாதம், வருடம் எல்லாம் அதிலும் இருந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. அவரும் தாளைத் திருப்பிப் பார்த்ததே இல்லை; பார்த்திருந்தாலும் அந்தப் பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இப்போது பூதக்கண்ணாடி தெரிய வைத்தது, அலமாரிக் கண்ணாடி நேராக்கிக் கொடுத்தது.

"அம்மா போனது மூணாம் தேதி" என்றார் கண்ணாடியைப் பார்த்தபடியே.

"ஆமாங்க."

"தாளைக் கிழிச்சு கிளிப்புல மாட்டினது யாரு?"

"நீங்கதான்."

"ஆமா. நான்தான். அன்னன்னிக்கு உள்ளதை மறுநாள்தான் கிழிப்பேன்." அவர் இன்னும் என் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியில் என் முகத்தைத்தான் பார்த்தார். கையில் மடித்த துணியோடு நான் நின்றேன். உங்களுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லலாம். அது உண்மைதான். சொல்வதற்குள் அவர் வெளியே போய்விட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. நாலு நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தமும் லேத் சத்தமும்தான். பழையபடி வருவார், போட்டதைச் சாப்பிடுவார். எனக்குள் ஒரு அசட்டு ஆசை இருந்தது, அதையும் மறைப்பானேன். யோசிக்க யோசிக்க அவருக்கு ஒன்று உறைக்கும் என்று எதிர்பார்த்தேன். கண் வலி என்று எழுதியது பொய் இல்லையே. அம்மா பார்க்கவில்லை, சரி. அப்படியானால் பார்த்தது யார்? அந்த ஒரு கேள்வியை அவர் தனக்குள் கேட்டுக்கொண்டால் போதும் என்றிருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் நான் அவரிடம் வேறென்ன கேட்டேன்.

ஐந்தாம் நாள் காலை அடுப்படிக்கு வந்தார். கையில் பழைய கிளிப். அதில் அத்தை இருந்த காலத்துத் தாள்கள், எழுதாமல் மிஞ்சியவை, கொஞ்சம் இருந்தன. ஒன்றை உருவி, திருப்பி, தேதியைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு, சமையல் மேடை மேல் வைத்தார். பக்கத்தில் நூல் கட்டிய அந்த பால்பாயின்ட் பேனாவையும் வைத்தார்.

"சின்னவனுக்கும் ஒண்ணு எழுதிக் குடு" என்றார். "அவனும் கேட்டான்ல."

அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. வருகிறவர்களிடம் சாமானை வாங்கி வைக்கும்போது இருக்கிற முகம். கையைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சின்னவன் வந்தானா? புள்ளி வலப்பக்கம், சுழி திறந்து. ஆயிரம் தடவை அத்தை நிஜமாக எழுதி, ஆயிரம் தடவை நான் கசக்கிக் கூடையில் போட்ட வரி. இப்போது என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது.

அவர் படித்துப் பார்த்தார். நான் எழுதியதுதான் என்று தெரிந்தும் அந்த வரியில் கண் ஒரு நொடி அதிகமாகவே நின்றது. "இப்படித்தான் எழுதுவாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தாளுக்கு இரண்டு பக்கமும் மூன்று பூச்சு. ஒரு புள்ளி கலையவில்லை, பின்பக்கத்திலிருந்து ஒரு எழுத்து தெரியவில்லை. கொழுந்தனார் வந்து பேனாவை வாங்கியபோது கண்கலங்கி, வாசலிலேயே அண்ணனைக் கட்டிக்கொண்டார். "எங்கண்ணா இருந்துச்சு இது?" என்று கேட்டார்.

"உங்க அண்ணிதான் தேடி எடுத்தா" என்றார் இவர். கொழுந்தனார் என் காலில் விழாத குறை. போன தடவை பேசியதற்கு மன்னிப்பும் கேட்டார். இந்தப் பேனாவை அவர் தொலைக்கவில்லை, இன்றுவரை பையிலேயே இருக்கிறதாம்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் பின்னறைக்குப் போனார். இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் போய்க் கதவருகில் நின்றேன். கண் வலி என்று எழுதிய அந்தக் கட்டையை எடுத்து லேத்தில் பொருத்தினார். விளக்கைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார். உளியை வைத்தார். ரெசின் நூல் நூலாக வந்தது. பிறகு வெள்ளையாக, தாளோடு சேர்ந்து வந்தது. அதில் நீலமாக மையும் வந்தது. பித்தளை மின்னும்வரை நிறுத்தவில்லை. குழாயை மட்டும் துடைத்து, அடுத்த ஆளுக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டார். வேலைக்காரர், சாமானை வீணாக்க மாட்டார்.

"அதுல இருந்தது பொய் இல்லைங்க" என்றேன்.

"அம்மா எழுதலையே" என்றார்.

எழுந்து கை கழுவப் போனார். கண் இரண்டும் சிவந்திருந்தன. விளக்கு நல்ல விளக்குதான், அதன் மேல் குற்றமில்லை. துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துவந்து, லேத்துக்கு அடியில் கிடந்ததைக் கூட்டினேன்.